முதன்முறை எயார் ரைபிள் பிடிப்பவரைப் பழக்குதல்: அனுமதியிலிருந்து நிற்கும் நிலை வரை

இந்த வழிகாட்டி, சுடுதலில் ஓரளவு பழக்கமுள்ள ஒருவர், இதுவரை துப்பாக்கியைத் தொட்டேயிராத இன்னொருவரை முதல் நாளில் எவ்வாறு பழக்க வேண்டும் என்பதைப் பற்றியது. எடுத்துக்கொண்டிருப்பது 10 மீற்றர் தூரத்தில் சுடப்படும் எயார் ரைபிள், அதாவது காற்றழுத்தத்தால் சுடும் துப்பாக்கி. வெடிமருந்து இல்லை, பின்னுதைப்பு அனேகமாக இல்லை, சத்தம் குறைவு என்பதால் பழகுபவர் தம் உடலையும் கண்ணையும் கவனிக்க அது இடம் கொடுக்கும். யாழ்ப்பாணத்தில் புதியவர்களைப் பழக்கும்போது நான் காணும் தடுமாற்றங்களில் பெரும்பாலானவை முதல் சூட்டுக்கு முன்பே, படிகளின் ஒழுங்கு குழம்பியதால் உண்டானவை. ஆகவே கீழுள்ள ஒழுங்கை மாற்றாமல் பின்பற்றுவது நல்லது.

1. அனுமதியும் இடமும்

இலங்கையில் துப்பாக்கி வைத்திருப்பதை 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. "எயார் ரைபிள்தானே, விளையாட்டுச் சாமான்" என்று எண்ணி வாங்கவோ, கனடாவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ வரும் உறவினரிடம் சொல்லி எடுப்பிக்கவோ வேண்டாம். வாங்குவதற்கு முன் பொலிஸ் நிலையத்திலும் கச்சேரியிலும் (மாவட்டச் செயலகத்திலும்) விசாரித்து, வேண்டிய அனுமதியை எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். புதியவருக்குச் சொந்தத் துப்பாக்கி தேவையில்லை. அனுமதியுள்ள கழகத்தின் துப்பாக்கியில், அதன் பொறுப்பாளர் முன்னிலையில் பழகுவதே முறை.

வீட்டு வளவில் பழக்கக் கூடாது. வேலியில் ரின்னைக் கட்டிவிட்டுச் சுடும் ஆசை இளைஞர் பலருக்கு உண்டு. ஆனால் கிடுகு வேலி ஈயச் சன்னத்தை, அதாவது எயார் ரைபிளின் சிறு குண்டை, நிறுத்தாது; அதைத் துளைத்துக்கொண்டு அடுத்த வளவுக்குள் போகும், குறி தவறி மேலே சென்றால் நூறு மீற்றருக்கு அப்பாலும் போகும். சுடும் திசையில் முழுச் சுவர், அதன் முன் சன்னத்தை வாங்கிக்கொள்ளும் பொறிப்பெட்டி, சுடும் கோட்டுக்கு முன்பக்கமாகத் திறக்கும் கதவு இருந்தால் அதற்குப் பூட்டு, இவை மூன்றும் இல்லாத இடத்தில் தொடங்க வேண்டாம்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சுடுதல் பழகப் போவதாகச் சொன்னதும், தோட்டம் கொத்தும்போதோ கிணறு இறைக்கும்போதோ கிடைத்த பழைய ரவையை (துப்பாக்கித் தோட்டாவை) "இது என்னெண்டு பாருங்கோ அண்ணை" என்று சட்டைப் பையில் கொண்டுவருபவர்கள் உண்டு. அப்படிப்பட்ட பொருளைத் தொடாமல், இருந்த இடத்திலேயே விட்டு, பொலிஸாருக்கு அறிவிக்க வேண்டும் என்பதை வருவதற்கு முன்பே சொல்லி வையுங்கள்.

2. வருபவரைப் பற்றி அறிந்துகொள்ளல்

பழக வருபவரிடம் முதலில் தனியாகப் பேசுங்கள். கண்ணாடி அணிகிறாரா, தோளிலோ கழுத்திலோ நோவு உண்டா, எந்தக் கைப் பழக்கம் என்பன எளிய கேள்விகள். எளிதல்லாத கேள்வி ஒன்றும் உண்டு. போர்க்காலத்தில் இங்கு வளர்ந்தவர்களிற் சிலருக்குத் துப்பாக்கியின் உருவமே நெஞ்சை அடைக்கச் செய்யும். சிலருக்கு உருவம் ஒன்றும் செய்யாது, மூடிய அறைக்குள் எழும் "டப்" என்ற ஒலிதான் தூக்கிப்போடும். கதை கேட்கத் தேவையில்லை. "சத்தம் ஒத்துக்கொள்ளாவிட்டால் எழுந்து வெளியே போகலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை" என்று ஒருமுறை சொல்லிவிட்டால் போதும்.

அதன்பின் அவரைச் சுடும் கோட்டுக்குப் பின்னால் கதிரையில் இருத்தி, வேறொருவர் சுடுவதைச் சிறிது நேரம் பார்க்க விடுங்கள். எதிர்பாராத ஒலிக்கு உடல் துள்ளும். எப்போது வரும் என்று தெரிந்த ஒலிக்குத் துள்ளல் குறையும். இந்தப் படியை விட்டுவிட்டால், விசையை அழுத்தும் கணத்தில் கண்ணை மூடும் பழக்கம் முதல் நாளே ஒட்டிக்கொள்ளும். பின்னர் அதைக் கழற்றுவது கடினம்.

உடை பற்றியும் முன்கூட்டியே சொல்லுங்கள். தட்டையான அடியுள்ள, மூடிய சப்பாத்து வேண்டும். இறப்பர்ச் செருப்புடன் நின்றால் பாதம் வழுக்கும். தொங்கும் சால்வையும் வளையலும் வேண்டாம். நீண்ட தலைமுடியைப் பின்னிக் கட்டியிருக்க வேண்டும்.

3. துப்பாக்கியைத் தெரிவு செய்தல்

கழகங்களில் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று, அழுத்திய காற்றுச் சிலிண்டரில் இயங்குவது. போட்டிகளில் பயன்படுவது இதுவே. மற்றையது, குழலை மடித்து வில்லை இறுக்கிச் சுடுவது. முடிந்தால் முதல் வகையையே கொடுங்கள். அது சுடும்போது அசையாது. ஆகவே தவறு எங்கே நேர்ந்தது என்பது தாளில் தெளிவாகத் தெரியும்.

வில்வகைதான் இருக்கிறது என்றால் மூன்று எச்சரிக்கைகள். சன்னம் வைக்கும்போது மடித்த குழலை மற்றக் கையால் விடாமல் பிடித்திருக்க வேண்டும், ஏனெனில் பிடி நழுவினால் குழல் பாய்ந்து மூடி விரலை நசுக்கும். சன்னம் இல்லாமல் வெறுமனே சுடக் கூடாது, ஏனெனில் முன்னால் தடை இல்லாத உந்துதண்டு உருளையின் முனையில் மோதிக் கெடும். வீட்டிலுள்ள தையல் இயந்திர எண்ணெயைக் காற்றறைக்குள் விடவும் கூடாது. அழுத்தத்தின் சூட்டில் அந்த எண்ணெய் பற்றி வெடித்து, சன்னம் கட்டுப்பாடில்லாத வேகத்தில் போகும்.

போட்டி ரைபிளின் நிறை 5.5 கிலோகிராம் வரை இருக்கலாம். மெலிந்த உடல்வாகுள்ள பாடசாலை மாணவருக்கு அந்த நிறையை நின்றபடி கொடுத்தால் முதுகு வளைந்துபோகும். அதனாலேயே கீழுள்ள ஒழுங்கில் மேசை முதலில் வருகிறது.

4. சன்னம் இல்லாத வேளையில் விதிகள்

சன்னப் பெட்டி இன்னும் அறையின் மறுமூலையில், மூடியபடி இருக்கட்டும். விதிகளை இப்போது பழக்க வேண்டும். சன்னம் கையில் வந்த பிறகு புதியவரின் கவனம் முழுவதும் தாளின் நடுப்புள்ளிக்குப் போய்விடும்; அதன்பின் எதைச் சொன்னாலும் காதில் ஏறாது.

முதல் விதி, குழல் வாய் எப்போதும் இலக்குச் சுவரை நோக்கியிருக்க வேண்டும். மற்ற மூன்றும் இதைக் காப்பதற்காகவே உள்ளன: எந்தத் துப்பாக்கியையும் சன்னம் ஏற்றப்பட்டதாகவே கருத வேண்டும், சுடத் தீர்மானிக்கும்வரை விரல் விசைக்கு வெளியே, பக்கவாட்டில் நீண்டிருக்க வேண்டும், இலக்கையும் இலக்குக்குப் பின்னால் இருப்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

நான்கையும் ஒப்புவிக்கச் செய்வதில் பயனில்லை. ஒப்புவிப்பவர், பின்னாலிருந்து யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டவுடன் துப்பாக்கியோடு திரும்புவார். புதியவர்கள் செய்யும் தவறுகளில் மிக அதிகமானதும் மிக ஆபத்தானதும் இதுதான். ஆகவே அதையே பயிற்சியாக்குங்கள்: வெற்றுத் துப்பாக்கியைப் பிடித்திருக்கும்போது வேண்டுமென்றே பின்னாலிருந்து கூப்பிடுங்கள். தலையை மட்டும் திருப்பிப் பதில் சொல்லவோ, துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பவோ பழகும்வரை இதைத் தொடருங்கள். முதலிரு தடவை சிரிப்பார்கள், பிறகு உடல் தானாகவே அப்படி நிற்கும்.

மின்வெட்டுக்கும் ஒரு பழக்கம் வேண்டும். திடீரென வெளிச்சம் போனால் இயல்பாக எல்லோரும் கதவுப் பக்கம் திரும்புவார்கள். விளக்கு அணைந்தால் விரலை வெளியே எடுத்து, துப்பாக்கியை முன்னோக்கியபடியே மேசையில் வைத்து, அசையாமல் இருக்க வேண்டும் என்று சொல்லி, ஒருமுறை விளக்கை அணைத்தும் காட்டுங்கள்.

"ஸ்டொப்" என்ற கட்டளையை அறையிலுள்ள எவரும், சிறுவராயினும், கூறலாம். கூறியதும் எல்லோரும் நிறுத்த வேண்டும். ஏன் நிறுத்தினாய் என்று பிறகுதான் கேட்க வேண்டும். வீணாக நிறுத்தியவரைக் கடிந்தால், அடுத்த முறை தேவைப்படும்போது அவர் வாய் திறக்க மாட்டார்.

இறுதியாக, பாதுகாப்புக் கயிற்றைக் காட்டுங்கள். குழலின் முழு நீளத்துக்கும் செருகி, இரு முனைகளும் வெளியே தெரியுமாறு விடப்படும் பளிச்சென்ற செம்மஞ்சள் நிறக் கயிறு அது. அது தெரிந்தால் குழலுக்குள் சன்னம் இல்லை என்பதைத் தூரத்தில் நிற்பவரும் அறிவார். சுடாத நேரமெல்லாம் அது உள்ளே இருக்க வேண்டும்.

5. எந்தக் கண் முந்துகிறது என்று பார்த்தல்

இரு கைகளையும் நீட்டி, பெருவிரல்களுக்கும் உள்ளங்கைகளுக்கும் இடையே சிறிய முக்கோண இடைவெளி விட்டு, இரு கண்களாலும் அதனூடாகச் சுவரிலுள்ள ஒரு பொருளைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூட வேண்டும். எந்தக் கண் திறந்திருக்கும்போது பொருள் இடைவெளிக்குள் நிற்கிறதோ, அதுவே முந்தும் கண்.

வலது கைப் பழக்கமுள்ளவருக்கு இடது கண் முந்துவது அரிதன்று. கூடுமானால் அவரை முதல் நாளே இடது தோளில் பழக்குங்கள். இரண்டு தோளும் அவருக்குப் புதியவைதான், ஆகவே இழப்பு எதுவும் இல்லை. அது ஒத்துவராவிட்டால், குறிபார்க்காத கண்ணுக்கு முன்னால் ஒரு சிறு வெள்ளைத் தாள் துண்டை மறைப்பாக வையுங்கள். ஒரு கண்ணை இறுக மூடிச் சுடுவது மட்டும் வேண்டாம். முகத் தசை இறுகினால் திறந்த கண்ணும் விரைவில் களைத்துப்போகும்.

6. மேசையில் இருந்து சுடும் நிலை

புதியவரைக் கதிரையில் இருத்தி, துப்பாக்கியின் முன்கட்டையை மணல் நிரப்பிய பையில் தாங்க வையுங்கள். பையில் இருக்க வேண்டியது மரக்கட்டை, குழலன்று. குழல் பையைத் தொட்டால் சன்னம் விழும் இடம் மாறும். வில்வகையாயின் முன்கட்டைக்கும் பைக்கும் இடையே உள்ளங்கையை வைக்க வேண்டும், ஏனெனில் அந்தத் துப்பாக்கி சுடும்போது துள்ளும். கடினமான தாங்கி அந்தத் துள்ளலைத் திருப்பி அடிக்கும்.

துப்பாக்கியின் உயரத்துக்கு உடலை வளைக்க விடாதீர்கள். பைக்குக் கீழே பலகையோ பழைய தொலைபேசிப் புத்தகமோ வைத்து, துப்பாக்கியை முகத்தின் உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். கன்னம் கட்டையில் சாய்ந்து ஓய்வெடுக்க வேண்டும். கழுத்து நீண்டு தேடக் கூடாது. கன்னம் ஒவ்வொரு சூட்டுக்கும் ஒரே இடத்தில் படிவதே, கண்ணும் குறிகாட்டியும் (குறிபார்க்கும் துளையும் வளையமும்) ஒரே நேர்கோட்டில் வருவதற்கான ஒரே வழி.

பிறகு இயல்பு நிலையைச் சோதியுங்கள். குறிபார்த்த நிலையில் கண்களை மூடி, இரண்டு மூச்சு விட்டு, தசைகளைத் தளர்த்தி, கண்களைத் திறக்க வேண்டும். குறி இலக்கை விட்டு விலகியிருந்தால் கையால் இழுத்துத் திருத்தக் கூடாது. கதிரையையும் பையையும் நகர்த்த வேண்டும். கையால் இழுத்துப் பிடித்த துப்பாக்கி, விசை விடுபடும் கணத்தில் தான் இருக்க விரும்பிய இடத்துக்கே திரும்பும்.

7. எதைப் பார்ப்பது

போட்டி ரைபிளில் கண்ணருகே ஒரு சிறு துளையும் குழலின் முனையில் ஒரு வளையமும் இருக்கும். துளையின் நடுவில் வளையம், வளையத்தின் நடுவில் இலக்கின் கருவட்டம். பார்வை கூர்மையாக நிற்க வேண்டியது முன்வளையத்தின் மேல். கருவட்டம் சற்று மங்கலாகத் தெரிவதே சரி.

"இலக்கை நன்றாகப் பார்" என்று சொல்லிக்கொடுப்பவர்களே பலர். அந்த ஒரு சொல் புதியவரைக் கெடுத்துவிடும். முன்வளையம் கண்ணிலிருந்து ஒரு மீற்றருக்குள் இருக்கிறது. அது சிறிது கோணினாலும் 10 மீற்றருக்கு அப்பால் அந்தக் கோணல் பல மடங்காகப் பெருகும். இலக்கில் பார்வை வைத்தவருக்கு அந்தக் கோணல் தெரியவே தெரியாது.

குறி ஒருபோதும் அசையாமல் நிற்காது என்பதையும் சொல்லுங்கள். அது மெல்ல ஆடும். ஆட்டம் நின்றதும் சுடலாம் என்று காத்திருப்பவர் மூச்சை அடக்கி அடக்கி, ஈற்றில் விசையைச் சட்டென்று பறிப்பார். குறிபார்க்கத் தொடங்கி எட்டுப் பத்துச் செக்கனுக்குள் சுடாவிட்டால், துப்பாக்கியைத் தாழ்த்தி, மூச்செடுத்து, மறுபடி தொடங்க வேண்டும். சுடாமல் தாழ்த்துவதைப் பாராட்டுங்கள்.

8. மூச்சும் விசையும், இன்னும் சன்னம் இல்லாமல்

காற்றுச் சிலிண்டர் ரைபிள்களில் வெறும் விசையைப் பழகுவதற்கெனத் தனி அமைப்பு உண்டு. அதைப் பயன்படுத்தி, இயல்பாக மூச்சை உள்ளெடுத்து, பாதியளவு வெளியேவிட்டு, அங்கேயே நிறுத்தி, விரல் நுனியின் சதைப்பகுதியால் விசையை நேர்பின்னாக அழுத்தச் சொல்லுங்கள். விரல் மடிப்பு விசையில் பட்டால் அழுத்தம் பக்கவாட்டில் திரும்பும். போட்டி ரைபிளின் விசை மிக மென்மையானது. புதியவர் எதிர்பார்ப்பதற்கு முன்பே விடுபட்டுவிடும். அந்தத் திடுக்கிடலை வெறும் துப்பாக்கியிலேயே தீர்த்துக்கொள்வதற்காகத்தான் இந்தப் படி.

விசை விடுபட்ட பின்பும் குறியைப் பார்த்தபடி இரண்டு செக்கன் அசையாமல் இருக்க வேண்டும். எயார் ரைபிள் சன்னத்தின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 170 மீற்றர்தான். அது குழலை விட்டு வெளியேறுவதற்குள் தலையைத் தூக்கினால் குழலும் சேர்ந்து அசையும். எங்கே பட்டது என்று பார்க்கும் ஆவலே இந்தத் தவறுக்குக் காரணம். தாளைப் பார்க்க வேண்டிய வேலை உங்களுடையது என்று சொல்லிவிடுங்கள்.

9. முதல் சன்னங்கள்

கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும், விரும்பினால் காதுக்கு அடைப்பானும் கொடுத்து, இப்போது சன்னப் பெட்டியைத் திறக்கலாம். ஒரு வேளையில் ஒரு சன்னம் மட்டுமே மேசையில் இருக்கட்டும். சன்னத்தை உதடுகளுக்கிடையே கவ்வி வைத்துக்கொள்ளும் கெட்ட பழக்கம் பழையவர்களிடமிருந்து புதியவர்களுக்குத் தொற்றும். அது ஈயம், வாய்க்குள் போகக் கூடாது.

இலக்குத் தாளைத் திருப்பி, அச்சில்லாத வெள்ளைப் பக்கத்தை முன்னால் மாட்டுங்கள். இது எனது பிடிவாதம், பலர் ஏற்பதில்லை. ஆனால் காரணம் எளியது. 10 மீற்றர் ரைபிள் இலக்கில் பத்துப் புள்ளி என்பது வெறும் 0.5 மில்லிமீற்றர் விட்டமுள்ள புள்ளி. வெளிவட்டம் கூட 45.5 மில்லிமீற்றர்தான். எண் எழுதிய தாளைக் கண்டதும் புதியவர் பரீட்சைத் தாளைக் கண்டவர்போல் விறைத்துப்போவார், ஆறு வந்ததா ஏழு வந்ததா என்று கணக்குப் பார்ப்பார், மூச்சை மறப்பார். வெள்ளைத் தாளில் குறி வைக்க எதுவும் இல்லை. வளையத்தின் வட்டமும் விரலின் அழுத்தமும் மட்டுமே மிஞ்சும்.

அதில் ஐந்து சன்னங்கள். பிறகு கருவட்டமுள்ள பக்கத்துக்குத் திரும்பி, மேலும் ஐந்து. ஐந்தும் எங்கே பட்டன என்பது முக்கியமன்று. ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கமாகப் பட்டன என்பதே முக்கியம். தாளின் இடது மூலையில் ஐந்தும் ஒரு ரூபாய்க் குற்றியளவு இடத்துக்குள் விழுந்திருந்தால், புதியவர் சரியாகச் சுடுகிறார். குறிகாட்டிதான் திருத்தப்பட வேண்டும். நாலா பக்கமும் சிதறியிருந்தால் குறிகாட்டியைத் தொட வேண்டாம், ஆறாம் படிக்குத் திரும்புங்கள்.

சூடுகளுக்கிடையே பேச்சைக் குறையுங்கள். ஒரு சூட்டுக்கு ஒரு திருத்தம் போதும். மூன்று திருத்தங்களைச் சேர்த்துச் சொன்னால் மூன்றும் நடவாது.

10. குறிகாட்டியைத் திருத்துதல்

பின்துளையை, சன்னம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கமே நகர்த்த வேண்டும். திருகியைச் சுழற்றும் திசை தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். ஆகவே சில சொடுக்குகள் திருப்பி, மூன்று சன்னங்கள் சுட்டுப் பார்த்து உறுதிப்படுத்துங்கள். முதல் நாளில் இதை நீங்களே செய்யலாம்.

11. நிற்கும் நிலை

மேசையில் சன்னங்கள் நெருங்கி விழத் தொடங்கிய பின்பே எழுந்து நிற்க வேண்டும். அது முதல் நாளில் நடக்காமலும் போகலாம். இலக்கின் நடு தரையிலிருந்து 1.4 மீற்றர் உயரத்தில் இருக்கட்டும்.

வலது தோளில் சுடுபவர் இலக்குக்கு இடது பக்கம் காட்டி, பாதங்களைத் தோளகலத்தில் வைத்து நிற்க வேண்டும். இடது முழங்கை இடுப்பெலும்பின் மேல் அல்லது விலாவின் மேல் அமர வேண்டும். துப்பாக்கியின் நிறை தசையில் அன்றி எலும்பில் இறங்க வேண்டும் என்பதே இதன் நோக்கம். தசை களைக்கும், எலும்பு களைக்காது. பலமுள்ள இளைஞர்களே இங்கு அதிகம் தடுமாறுகிறார்கள். அவர்களுக்குத் துப்பாக்கியைக் கையால் தூக்கிப் பிடிக்க முடிகிறது, அதனால் முழங்கையை இறக்க மறுக்கிறார்கள். பத்தாவது சூட்டில் கை நடுங்கத் தொடங்கும்.

இயல்பு நிலைச் சோதனையை இங்கும் செய்யுங்கள். குறி பக்கவாட்டில் விலகினால் பின்பாதத்தைச் சிறிது நகர்த்த வேண்டும்.

சித்திரை, வைகாசி மாதங்களின் வெக்கையில் உள்ளங்கை வியர்த்து பிடி வழுக்கும். துவாலையைப் பக்கத்தில் வையுங்கள், ஆனால் மின்விசிறியை இலக்குத் தாளின் பக்கம் திருப்பாதீர்கள். ஆடும் தாளைப் பார்த்துப் புதியவர் தாம்தான் ஆடுவதாக எண்ணுவார்.

12. நிறுத்துதல், இறக்குதல், கழுவுதல்

நன்றாகச் சுட்டுக்கொண்டிருக்கும்போதே நிறுத்துங்கள். களைத்த பிறகு சுடும் ஒவ்வொரு சன்னமும் தவறான அசைவைப் பழக்குகிறது.

இறக்கும் ஒழுங்கு மாறக் கூடாது: துப்பாக்கியை முன்னோக்கியபடி வைத்துத் திறத்தல், குழலறையைக் கண்ணால் பார்த்தல், நீங்களும் பார்த்தல், கயிற்றைச் செருகுதல், அதன்பின்பே கோட்டைத் தாண்டி இலக்குத் தாளை எடுக்கச் செல்லல். தாளை எடுக்க ஒருவர் முன்னால் போயிருக்கும்போது எவரும், வெற்றுத் துப்பாக்கியாயினும், அதைத் தொடக் கூடாது.

கைகளையும் முகத்தையும் சவர்க்காரமிட்டுக் கழுவிய பின்பே தேநீரோ வடையோ. பொறிப்பெட்டியைச் சுற்றியுள்ள தூசியை ஈர்க்கினால் கூட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள். கூட்டினால் ஈயத்தூள் காற்றில் எழும். கர்ப்பிணிகளும் சிறு பிள்ளைகளும் அந்தத் துப்புரவு வேலையில் ஈடுபட வேண்டாம்.

கடற்காற்றும் மாரிக்காலத்து ஈரமும் இங்கு உருக்கை விரைவில் துருப்பிடிக்கச் செய்யும். வியர்வை பட்ட உலோகப் பகுதிகளை அன்றன்றே உலர்ந்த துணியால் துடைத்து, வெளிப்புறத்தில் மட்டும் மெல்லிய எண்ணெய் பூசி, பூட்டிய அலுமாரியில் வையுங்கள். சன்னங்கள் வேறொரு பூட்டுக்குள் இருக்க வேண்டும்.

13. அடுத்தது எப்போது

சிலர் இரண்டாம் நாளே "பெரிய துவக்கு" கேட்பார்கள். வெடிமருந்து ரவை பயன்படுத்தும் 5.6 மில்லிமீற்றர் ரைபிளுக்குப் போகுமுன் மூன்று விடயங்களைப் பாருங்கள்: யாரும் நினைவூட்டாமல் குழல் வாய் முன்னோக்கி நிற்கிறதா, சூட்டின்போது கண் திறந்திருக்கிறதா, தாமாகவே துப்பாக்கியைத் தாழ்த்தி மறுபடி தொடங்குகிறாரா. மூன்றும் இருந்தால் போகலாம். அங்கு காதடைப்பான் விருப்பத்துக்குரியதன்று, கட்டாயம். முதலில் ஒரே ஒரு ரவை மட்டும் ஏற்றிக் கொடுக்க வேண்டும்.

பன்னிரண்டாம் இலக்கச் சொட்கண்ணைப் புதியவரின் தோளில் வைத்து, அவர் பின்னுக்குத் தள்ளாடுவதைப் பார்த்துச் சிரிக்கும் ஆட்கள் எல்லா ஊரிலும் உண்டு. அப்படி ஒருமுறை உதை வாங்கியவர், மறுபடி எயார் ரைபிளைப் பிடித்தாலும் விசையைத் தொடுமுன் தோளைச் சுருக்குவார். அவரை மேசைக்குத் திருப்பி, சன்னம் இல்லாமல், எட்டாம் படியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.